கையுறை மாஸ்டர்

மாஸ்டரின் மனைவி டீச்சர் என்று சொன்னால், புதிதாகக் கேட்பவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாஸ்டர் ஒரு சைக்கிள் தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர், டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லைசென்ஸ் வாங்கியவர்கள். பிள்ளை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், "தெருவுல போற வண்டியெல்லாம் என் பிள்ளைங்கதான். என்ன, ஒண்ணுகூட இண்டிகேட்டர் போடாது" என்பார் டீச்சர்.

அவர்கள் கல்யாணமே வண்டியில் ஆரம்பித்ததுதான். மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். மூன்றாவது வகுப்பில், டிரைவிங் ஸ்கூலின் சொந்தக் கேட்டிலேயே கொண்டுபோய் இடித்தார். டீச்சர் பக்கத்து இருக்கையில் இருந்த உபரி பிரேக்கை மிதித்தும் பயனில்லை. "உங்களுக்கு அடுப்புதான் சரி, ஸ்டியரிங் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் மறுநாள் மன்னிப்புக் கேட்க ஒரு டிபன் பாக்ஸில் சாப்பாடு கொண்டுபோனார். அதற்கடுத்த நாளும் கொண்டுபோனார். டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாஸ்டர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை, டீச்சர் அடுப்பைத் தொடவே இல்லை. இப்படியே காலம் ஓடியது.

மாஸ்டர் சாதுவான மனிதர். யாரையும் அதட்டிப் பேச மாட்டார், பேரம் பேச மாட்டார், கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுவார். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. அது மின்சாரம். கேன்டீனில் உருளைக்கிழங்கு தோல் சீவும் மெஷின் ஒன்று இருந்தது. ஒருநாள் அதில் கரண்டு கசிந்து, ஈரக் கையோடு நின்ற ஒரு வேலையாள் அப்படியே ஒட்டிக்கொண்டார். அவரை இழுக்கப் போன இன்னொருவரும் ஒட்டிக்கொண்டார். மற்றவர்கள் கத்திக்கொண்டு நிற்க, மாஸ்டர் அண்டாவில் கிடந்த பெரிய மரக் கரண்டியை எடுத்து இருவரின் கையிலும் ஓங்கி அடித்துப் பிரித்துவிட்டார். இரண்டு உயிர் பிழைத்தது. தொழிற்சாலையில் மேடை போட்டு மாலை போட்டார்கள். வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் மாஸ்டர் சொல்லும் முதல் பாடம் அன்றிலிருந்து அதுதான்: "கரண்டு அடிச்ச ஆளக் கையால தொடாத. தொட்டா ஒண்ணு ரெண்டாயிடும்."

இந்தப் பாடம் கடைசியில் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

டீச்சருக்கு இதயம் பலவீனம் என்று தெரிந்தது, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான். இதயத்தின் தசை தளர்ந்துபோய், ரத்தத்தைத் தள்ள வேண்டிய அளவுக்குத் தள்ளவில்லை என்றார் பெரிய ஆஸ்பத்திரியின் இதய டாக்டர். மாத்திரைகள் வந்தன. உப்பு போனது. திடீரென்று துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும் அபாயம் இருக்கிறது என்று, இடது தோளுக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துத் தைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. துடிப்பு குறைந்தால் மெல்லத் தட்டிக்கொடுக்கும். துடிப்பு தறிகெட்டு ஓடினால் ஒரு ஷாக் கொடுத்து நேராக்கும். வீட்டில் அதற்குப் பெயர் 'பெட்டி'. அது கொடுக்கும் ஷாக்குக்குப் பெயர் 'உதை'.

முதல் உதை விழுந்தது, இருவரும் கொல்லைப்புறத்தில் போர்வை பிழிந்துகொண்டிருந்தபோது. ஒரு முனையில் டீச்சர், மறுமுனையில் மாஸ்டர், நடுவில் தண்ணீர் சொட்டும் போர்வை. "இந்தப் பக்கமா முறுக்குங்க, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று அதட்டிக்கொண்டே இருந்த டீச்சர், பேச்சை நிறுத்தினார். கண் செருகியது. அடுத்த நொடி உடம்பு தூக்கிப் போட்டது. தரையில் விழுந்தார். மாஸ்டர் கையில் இருந்த ஈரப் போர்வை வெடுக்கென்று இழுபட்டது. அவர் அலறிக்கொண்டே போர்வையை விட்டார். தன் கைக்குள்ளும் கரண்டு பாய்ந்துவிட்டது என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டிய மனிதர், இரண்டடி தள்ளியே நின்றார். துணி காயப்போடும் கம்பை எடுத்து டீச்சரின் தோளை மெல்லத் தொட்டுப் பார்த்தார். டீச்சர் கண்ணைத் திறந்ததும் பார்த்தது அந்தக் கம்பைத்தான்.

ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கம்ப்யூட்டரில் பார்த்த இதய டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதமா வேலை செஞ்சிருக்கு. இது இல்லைன்னா இன்னைக்கு உங்க வீட்டம்மா இல்ல" என்றார். மாஸ்டர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். தொட்டால் கரண்டு அடிக்குமா என்று அவர் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் சட்டம் போட்டார். "நான் போறப்ப போய்க்கிறேன். உங்களையும் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேன். இனிமே யாரும் என்னைத் தொடக் கூடாது." எதிர்வீட்டுத் தையல்காரரை வைத்து இரட்டைக் கட்டிலைப் பிரித்து, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுப் போட்டார்கள். மாஸ்டர் மறுப்புச் சொல்லவில்லை. அவருடைய பாடம்தானே அது. ஆனாலும் அன்று விளக்கை அணைத்த பிறகு, பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் நீட்டிய கை காற்றில் தொங்கியது.

டீச்சர் விஷயத்தைக் கேலியாக்கி ஊரெல்லாம் சொன்னார். "கட்டின பொண்டாட்டியக் கம்பால குத்திப் பாத்த ஒரே ஆம்பள எங்க வீட்டுக்காரர்தான்." கேட்டவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் கூடச் சிரித்துவைத்தார்.

வண்டி ஓட்டக் கூடாது என்றாகிவிட்டது. டிரைவிங் ஸ்கூலுக்குப் போவதும் நின்றது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்தில் டீச்சரின் உடம்பு மளமளவென்று இறங்கியது. கால் வீங்கும், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், நீரை இறக்கி அனுப்புவார்கள், மறுபடி வீங்கும். படுத்தால் மூச்சுத் திணறும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினார். வாய் மட்டும் குறையவில்லை, நடு நடுவே மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குளிக்கவும் எழுந்து நடக்கவும் ஆள் துணை வேண்டும் என்ற நிலை வந்தபோது, மாஸ்டர் பரண் மேலிருந்து கேன்டீன் காலத்து ரப்பர் கையுறைகளை இறக்கினார். முழங்கை வரை வரும் தடித்த ஆரஞ்சு நிறக் கையுறை, கொதிக்கும் பாத்திரம் கழுவப் போடுவது. காலில் ரப்பர் செருப்பு. இந்த வேஷத்தில்தான் டீச்சரைத் தாங்கிப் பிடித்தார், முதுகு தேய்த்தார், புடவை மாற்றிவிட்டார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "சாக்கடை அடைப்பு எடுக்க வந்த ஆள் மாதிரி இருக்கீங்க" என்பார்.

பெரிய ஆஸ்பத்திரியில், இனி அங்கே வந்து படுத்து ஆகப்போவது அதிகமில்லை, வீட்டிலேயே மூச்சுத் திணறலையும் வலியையும் குறைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது என்றார்கள். கைவிட்டுவிட்டார்களோ என்று மாஸ்டர் பயந்தார். ஆனால் இதய டாக்டரும் அந்தக் குழுவோடு வாராவாரம் போனில் பேசுவார், மாத்திரைகளைக் கூட்டுவதும் குறைப்பதும் சேர்ந்துதான் முடிவாகும் என்று சொன்னதும் கொஞ்சம் தெளிந்தார்.

குழு என்றால் வீட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒரு டாக்டரம்மா, அளந்து பேசுகிறவர். ஒரு நர்ஸ், அவர் டீச்சரின் பழைய மாணவி. இரண்டு தடவை டெஸ்டில் ஃபெயிலாகி, மூன்றாவது தடவை டீச்சர் வாசலில் நின்று மிரட்டியதால் பாஸானவர். இப்போதும் வாசலில் வண்டியை நிறுத்தும்போது, உள்ளே கட்டிலில் இருந்தே, "ரோட்டுல பாதிய அடைச்சிட்டு நிறுத்தியிருப்பியே, போய் ஓரமாப் போட்டுட்டு வா" என்று குரல் வரும். நர்ஸ் திரும்பிப் போய் ஓரமாகப் போட்டுவிட்டு வருவார். மூன்றாவது ஆள் ஒரு இளம் ஆலோசகர், நோயாளியும் வீட்டாரும் மனம்விட்டுப் பேச வைப்பது அவர் வேலை. முதல் நாள் தன்னைக் கவுன்சலர் என்று சொல்லி அறிமுகம் செய்துகொண்டபோது டீச்சர், "அப்படியா, தெருமுனைல லைட் எரியல, கொஞ்சம் பாருங்க" என்றார். பாவம், அவர் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

குழு வந்ததில் பலன் இருந்தது. எடை பார்ப்பது, தண்ணீரை அளந்து குடிப்பது, கால் வீங்கினால் எந்த மாத்திரையைக் கூட்டுவது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். மூச்சு முட்டுகிற பயத்துக்கு டாக்டரம்மா ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைந்தது. மாஸ்டர் அவர்கள் வரும் நாட்களில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அவர்கள் மாஸ்டரைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது, அது அவருக்குத் தெரியாது. நர்ஸ் கையுறையைப் பார்த்தார். பொண்டாட்டியைத் தொட இவ்வளவு தடித்த உறையா என்று மனதுக்குள் சங்கடப்பட்டார். ஆலோசகர் தள்ளிப் போட்டிருந்த கட்டில்களைப் பார்த்தார். டாக்டரம்மா, மாஸ்டர் மாத்திரையைக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துத் தள்ளுவதைப் பார்த்தார். ஒருநாள் டீச்சர் சரிந்து விழுந்தபோது மாஸ்டர் தூக்காமல் தையல்காரரைக் கூப்பிட ஓடினார் என்பதும் காதுக்கு வந்தது. வாராந்தரக் கூட்டத்தில் மூவரும் பார்த்ததைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம், அல்லது நோயைக் கண்டு அவருக்கு அருவருப்பு, காலம் இருக்கும்போதே இருவரையும் பேச வைக்க வேண்டும் என்று முடிவானது. நல்ல மனதோடுதான் முடிவெடுத்தார்கள். ஏன் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மூன்று பேரும் சேர்ந்தே வந்தார்கள். மாஸ்டர் கையுறையோடு டீச்சருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். ஆலோசகர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமினார்.

"உங்க ரெண்டு பேருக்குள்ள, பேசித் தீத்துக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

"இருக்கே" என்றார் டீச்சர். "உப்பு. இவரு போட மாட்டேங்கறாரு."

"அது இல்லம்மா." ஆலோசகர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அவங்களைத் தொடுறதே இல்ல. கையுறை போட்டுக்கறீங்க. கட்டில் தள்ளிக் கிடக்குது. சில பேருக்கு நோயப் பாத்தா ஒரு... ஒரு அருவருப்பு வரும். அது சகஜம்தான். வெளிய சொல்லிட்டா மனசு லேசாகும்."

சீப்பு மாஸ்டர் கையிலிருந்து விழுந்தது. அவர் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"யாருக்கு அருவருப்பு? எனக்கா? இவ மேலயா? இவளத் தொட்டாக் கரண்டு அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? நெஞ்சுக்குள்ள கரண்டுப் பெட்டிய வச்சுத் தச்சது நீங்கதானே? எப்ப உதைக்கும்னு யாருக்குத் தெரியும்? ஈரத் துணி வழியா எனக்கே அடிச்சுது! நான் போயிட்டா இவளுக்கு யாரு செய்வா?"

சொல்லிவிட்டு, தான் கத்தியதற்கே வெட்கப்பட்டு, சீப்பை எடுக்கக் குனிந்தார்.

நர்ஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், "மாஸ்டர், நான் வாராவாரம் டீச்சரைத் தொட்டுத்தானே பாக்கறேன்?"

"நீங்க மெல்லிசா ஒரு உறை போட்டிருக்கீங்க. தவிர, அது உங்க வேலை. தீயணைக்கிறவங்க தீக்குள்ள போறதில்லையா? உங்க தைரியத்த நான் எத்தனை தடவ இவகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?"

டாக்டரம்மா எழுந்து வந்து டீச்சரின் கட்டிலிலேயே உட்கார்ந்தார். உறை இல்லாத கையால் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பெட்டி உதைக்கிறப்ப யாரு தொட்டுக்கிட்டிருந்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதிகம் போனா கைல லேசா ஒரு சிலிர்ப்பு தெரியும். உங்களுக்கு அன்னைக்குத் தெரிஞ்சது, அவங்க விழுறப்ப போர்வைய இழுத்த இழுப்பு" என்றார். "இத முதல் நாளே சொல்லியிருக்கணும். இதய டாக்டர் சொல்லியிருப்பார்னு நான் நெனச்சேன். நான் சொல்லியிருப்பேன்னு சிஸ்டர் நெனச்சாங்க. அவரு, வீட்டுக்குப் போற நாங்க சொல்லிடுவோம்னு விட்டிருப்பாரு. தப்பு எங்க மேல. மன்னிச்சிடுங்க."

ஒரு டாக்டர் தன் வீட்டில் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை. "டீ போடட்டுமா?" என்றார்.

"இருங்க. யாரும் சொல்லாம விட்டது இன்னொண்ணும் இருக்கு" என்றார் டாக்டரம்மா. டீச்சரின் முகத்தைப் பார்த்தே பேசினார். "இதயம் இப்ப ரொம்பத் தளர்ந்துடுச்சு. உதைச்சாலும் இதயத்துக்குப் பலம் வரப்போறதில்ல. கடைசி நேரத்துல துடிப்பு தாறுமாறானா, பெட்டி தன் வேலைன்னு நெனச்சு மறுபடி மறுபடி உதைக்கலாம். அந்த ஷாக்க மட்டும் நிறுத்திடலாம். ஆபரேஷன் கிடையாது, கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை. மெல்லத் தட்டிக்கொடுக்கிறது அது பாட்டுக்கு ஓடும். மாத்திரை, மருந்து, நாங்க வர்றது எதுவும் மாறாது. நிறுத்தறதா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம்."

"நிறுத்துங்க" என்றார் டீச்சர், மூச்சு விடாமல்.

"முடியாது" என்றார் மாஸ்டர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "அன்னைக்கு இவ போயிட்டா. என் கண்ணு முன்னால போயிட்டா. அந்தப் பெட்டிதான் திருப்பிக் குடுத்துச்சு. அத நிறுத்துன்னு சொல்றதும் இவ கழுத்த நெரிக்கிறதும் எனக்கு ஒண்ணுதான். அதுக்கு என்னால சரின்னு சொல்ல முடியாது."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, புருஷன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அவர் அடக்கிக்கொள்வது அபூர்வம். டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொல்லிவிட்டு எழுந்தார். ஆலோசகர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "சார், அருவருப்புன்னு சொன்னதுக்கு..." என்று இழுத்தார். மாஸ்டர் அவர் தோளில் தட்டி அனுப்பினார். கையுறையோடுதான்.

அடுத்த தடவை நர்ஸ் தனியாக வந்தபோது, மாஸ்டர் சமையலறைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நிறுத்தினா உடனே போயிடுவாளா?"

"இல்ல மாஸ்டர். நிறுத்துன அன்னைக்கும் அடுத்த நாளும் இப்ப இருக்கிற மாதிரிதான் இருப்பாங்க."

"அன்னைக்குப் போர்வை பிழிஞ்சப்ப வந்துச்சே, அது மாதிரி வந்தா?"

நர்ஸ் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "அது மாதிரி வந்தா, போயிடுவாங்க. ஆனா வலி தெரியாது. மயக்கம் வர்ற மாதிரிதான். பெட்டி ஓடிக்கிட்டிருந்தா, உதை வாங்கிட்டுக் கண்ண முழிப்பாங்க, மறுபடி மயங்குவாங்க, மறுபடி உதை. எத்தனை தடவைன்னு யாரும் சொல்ல முடியாது."

மாஸ்டர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால் பொங்கி வழிந்தது. அவர் அடுப்பில் எதுவும் பொங்கி வழிந்து யாரும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் டீச்சரே பேச்செடுத்தார். ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் எதிரே மர ஸ்டூலில், வழக்கம்போல் இரண்டடி தள்ளி.

"உதை எப்படி இருந்துச்சுன்னு நீங்க என்னைக் கேட்டதே இல்ல."

"எதுக்குக் கேக்கணும்? பாத்தேனே."

"பாத்தது வேற." டீச்சர் மூச்சு சேர்த்துக்கொண்டார். "உள்ளுக்குள்ள இருந்து யாரோ எட்டி உதைச்ச மாதிரி. போனப்ப வலிக்கலங்க. திரும்பி வந்ததுதான் வலிச்சுது. அன்னைலேருந்து நெஞ்சு கொஞ்சம் படபடன்னாக்கூடக் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, இப்ப வரப்போகுது, இப்ப வரப்போகுதுன்னு உக்காந்திருக்கேன். தெனமும். உங்ககிட்ட ஜோக் அடிக்கிறப்பவும் அதுதான் ஓடிக்கிட்டிருக்கு. சாவுக்குப் பயம் இல்ல. உதைக்குத்தான் பயம்."

கூடவே இருந்தவர் மாஸ்டர். எடையைப் பார்த்தார், தண்ணீரை அளந்தார், உப்பைக் கழித்தார். இந்தப் பயம் மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. தன்மேல் தனக்கே கோபம் வந்தது.

"டாக்டரம்மாதான் சொல்லிட்டாங்களே, தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு" என்றார் கடைசியில். "கிட்ட வந்து உக்காரட்டுமா?"

"வேணாம். அவங்க சொன்னத நீங்க நம்புங்க. நான் நம்பல. உங்க கை கம்பிய வளைச்ச மாதிரி முறுக்கிக்கிட்டு நீங்க விழுறத நான் கனவுல எத்தனை தடவ பாத்திருக்கேன். அது ஓடுற வரைக்கும் என்னைத் தொடாதீங்க."

"பிடிவாதம் பிடிக்காத."

"பிடிவாதம்தான். நெஞ்சு என்னுது, நிறுத்துன்னா நிறுத்திடுவாங்க. ஆனா அதுக்கப்புறம் தெனமும் உங்க மூஞ்சியப் பாக்கணுமே? கொலைகாரியப் பாக்கிற மாதிரி நீங்க என்னைப் பாத்தீங்கன்னா, அது இந்த உதைய விடக் கேவலம். அதான் உக்காந்திருக்கேன், நீங்க சொல்லட்டும்னு."

தெருவில் ஒரு கார் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் தன்னையறியாமல் காலால் தரையை மிதித்தார்.

"நீ போறப்ப நான் எங்க இருக்கணும்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"கிட்ட."

"எவ்வளவு கிட்ட?"

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயாடிக்கு வார்த்தை வராததைப் பார்த்ததும் மாஸ்டருக்குப் பதில் தெரிந்துவிட்டது. எழுந்துபோய் நர்ஸுக்குப் போன் செய்தார். "சிஸ்டர், வந்து நிறுத்திடுங்க" என்றார். "சீக்கிரமா வாங்க, நான் மனசு மாறிடப் போறேன்."

குழுவோடு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டெக்னீஷியன் ஒருவரும் வந்தார். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அதிலிருந்து நீண்ட வயரின் முனையில் இருந்த ஒரு வட்டமான பொருளைப் பெட்டிக்கு நேராக ரவிக்கைமேல் வைத்தார். டாக்டரம்மா மறுபடி ஒருமுறை டீச்சரிடம் கேட்டார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தலையாட்டினார். இரண்டு மூன்று தட்டல். "முடிஞ்சுதுங்க" என்றார் டெக்னீஷியன்.

மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு டீச்சரையே பார்த்தார். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். மெதுவாக ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இருக்கேனா?"

"இருக்க."

"அவ்வளவுதானா? இதுக்காடா இத்தனை நாள் பயந்தோம்?" என்று டெக்னீஷியனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, "அப்புறம் என்ன, அந்தக் கண்றாவியக் கழட்டுங்க" என்றார் மாஸ்டரிடம்.

மாஸ்டர் ஒரு கையுறையை உருவினார். மறு கையுறை வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. நர்ஸ் பிடித்து இழுத்துவிட்டார். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து டீச்சரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். குளிர்ந்திருந்தது, நினைவில் இருந்ததைவிட மெலிந்திருந்தது. டீச்சர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு சொரசொரப்பா இருந்துச்சா உங்க கை?"

"எப்பவும் இப்படித்தான்."

"மறந்தே போச்சு" என்றார் டீச்சர். அங்கே நின்ற நான்கு பேருக்கும் வாசலில் ஏதோ வேலை வந்துவிட்டது.

தையல்காரர் வந்து கட்டில்களை மறுபடி சேர்த்துப் போட்டார். அதற்குப் பிறகு கிடைத்த வாரங்கள் நல்ல வாரங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு தேறவில்லை, தேறாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டீச்சர் படபடப்பு வரும்போது கண்ணை இறுக்கி மூடுவதை விட்டுவிட்டார். மாஸ்டரின் தோளில் சாய்ந்தால் தலையணைகளைவிட மூச்சு லேசாக வருகிறது என்று கண்டுபிடித்தார். இதய டாக்டரும் டாக்டரம்மாவும் போனில் கலந்து பேசி, இனி நாக்குக்குப் பிடித்ததைச் சாப்பிடட்டும், கொஞ்சம் உப்பு போடலாம் என்றார்கள். மாஸ்டர் சூப்பில் உப்பு போட்டு எடுத்துவந்து, ஸ்பூனால் ஊட்டி, முகத்தையே பார்த்தார். டீச்சர் ருசித்து விழுங்கிவிட்டு, "இவ்வளவு நாளா நீங்க சமைச்சதத் தின்னதுக்கு எனக்கும் ஒரு மேடை போட்டு மாலை போட்டிருக்கணும்" என்றார்.

ஒரு மத்தியானம் டீச்சர் ஸ்பூனை வேண்டாம் என்று தள்ளினார். அன்று காலையிலேயே நர்ஸ் வந்து பார்த்து, மருந்தின் அளவைக் கூட்டிவிட்டு, சாயங்காலம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். மாஸ்டர் கட்டிலில் ஏறிச் சுவரோடு சாய்ந்து, டீச்சரைத் தன் மார்மேல் சாய்த்துக்கொண்டார். வலது கையை டீச்சரின் இடது தோளுக்குக் கீழே, பெட்டி புடைத்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்தார். உள்ளங்கைக்கு அடியில் இதயம் ஓடுவது தெரிந்தது. கொஞ்ச நேரம் சீராக ஓடியது. பிறகு தாறுமாறாகத் துள்ளியது. மாஸ்டரின் உடம்பு முழுக்க இறுகியது. நிறுத்திவிட்டார்கள் என்று தெரியும், கண்ணால் பார்த்தவர், இருந்தும் இப்போது உதைக்கும், இப்போது உதைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

உதைக்கவில்லை. டீச்சர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அடுத்ததற்கு இடைவெளி விழுந்தது. இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

நர்ஸ் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வண்டியை ஓரமாகத்தான் நிறுத்தினார். உள்ளிருந்து குரல் வராததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கிட்டே வந்து பார்த்து, டீச்சரின் கண்களை மூடிவிட்டு, டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். பிறகு மாஸ்டரின் முதுகில் கை வைத்து, "கைய எடுத்துக்கங்க மாஸ்டர். மரத்துப்போயிருக்கும்" என்றார்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்" என்றார் மாஸ்டர். "ரெண்டு வருஷ பாக்கி இருக்கு."

நர்ஸ் மர ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.